செலஸ்டீன் டீச்சரின் சிறகவரைக் கூடு

செவ்வாய்க்கிழமை காலை மகளின் கைப்பேசி மேசையில் கிடந்து ஒருமுறை அதிர்ந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் அவள் வரும்வரை அதைத் தொட்டிருக்க மாட்டேன். இப்போது எழுத்துத் தெரியும் என்பதால் எடுத்துப் பார்த்தேன். தமிழில் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். "பெருமாள் ஐயாவுக்கு. அக்கா இன்று காலை காலமாகிவிட்டார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரவும். பெனடிக்." ஒருவரையும் கேட்காமல் ஒரு செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. வாசித்து முடித்த சந்தோஷம் முதலில் வந்தது. செய்தி அதற்குப் பின்னால்தான் வந்தது.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கைப்பேசியை வாங்கினாள். நான் அவ்வளவு நேரம் எடுத்து வாசித்ததை அவள் ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள். "ஐயோ அப்பா, நம்ம டீச்சரா?" என்றாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். காலைப் பூசைக்குப் போனவர், பூசை முடிந்து எல்லாரும் எழுந்தபோது எழும்பவில்லையாம். உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையிலேயே சாய்ந்திருந்தாராம்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற பலர் செலஸ்டீன் டீச்சரிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள். உங்களுக்கு அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். நான் அறிந்த டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு ஹெந்தளையில் தன் தாய் விட்டுப்போன காணியில் புரொய்லர் கோழி வளர்த்தவர். முழங்கைவரை தவிடு படிந்திருக்கும். அந்த டீச்சரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை என்றுதான் அவருடைய தம்பி பெனடிக் என்னிடம் கேட்டார். "எனக்கு மெதுவாத்தான் எழுத வரும் தம்பி" என்றேன். "மலர் முப்பத்தோராம் நாளுக்குத்தான் ஐயா, நேரம் இருக்கு, மெதுவா எழுதுங்க" என்றார். மெதுவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் தாளில் வந்து நிற்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது நினைவுக்கு வரும்போது அந்த மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கோழித்தீன் கடையில் நாட்டாமையாக, அதாவது மூடை தூக்குபவனாக இருந்தேன். லொறியிலிருந்து மூடையை இறக்குவதும் வாடிக்கையாளரின் முச்சக்கர வண்டியில் ஏற்றுவதும் என் வேலை. டீச்சர் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் சோயாப் புண்ணாக்கும் வரவில்லை. கோழிக்குச் சதை பிடிக்க வேண்டுமென்றால் தீனில் சோயா வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வருவது. கடையின் பின்பக்கம் முழுவதும் வெறும் பலகையாகக் கிடந்தது.

"முதலாளி, சோயா எங்க?" என்று டீச்சர் வந்து கேட்டார்.

"கப்பல்ல இருக்கு டீச்சர்."

"கப்பல் எங்க?"

"அது கடவுளுக்குத்தான் தெரியும்."

"அப்ப கடவுளிட்ட எனக்கு ரெண்டு மூடை சொல்லி வைங்க."

முதலாளி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பெருமாளண்ணே, நீங்க இத்தனை வருசமாத் தூக்கின மூடைகள்ல சோயாவுக்குக் கிட்ட வாறது எது?" என்று கேட்டார்.

"பாரத்துலயாங்க டீச்சர்?" என்றேன்.

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில மாதங்களில் கடை மூடப்பட்டது. வெள்ளவத்தையில் மகள் வீட்டு பல்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவனை டீச்சர் ஆள் விட்டு அழைத்தார். "வயசாச்சு, பாரம் தூக்க ஏலாது எண்டு உங்கட மகள் சொல்றா. பாரம் தூக்க வேணாம். என்னோட நிண்டு கோழிகளைப் பாருங்க. எனக்கு ரெண்டு கண் போதாது" என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹெந்தளைக்கு ஒரு பஸ். அப்படித்தான் போகத் தொடங்கினேன்.

டீச்சரின் கூட்டுக்கு அடுத்த வேலிக்குள் ரீட்டாவின் கூடு இருந்தது. ரீட்டா கணவனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். புரொய்லர் வளர்த்துத்தான் அவர்களைப் படிக்க வைத்தார். தீன் கிடைக்காமலும், கிடைத்தாலும் வாங்க முடியாமலும் போனபிறகு அவருடைய கூட்டில் கோழி இல்லை. விறகும் தென்னம்மட்டையும் அடுக்கியிருந்தார். அவர் அன்றாடம் வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"என்ன டீச்சர், சோயா இல்லாம சரி வருமா?"

"நிறுத்துப் பாத்துட்டுச் சொல்றன் ரீட்டா."

"நீங்க சரியெண்டு சொன்னா நான் நாளைக்கே குஞ்சு போடுவன். அடகு வைக்கக் காதில கிடக்கிறது இன்னும் இருக்கு."

"காதில கிடக்கிறது காதிலயே கிடக்கட்டும். முதல்ல என்ட கோழி சொல்லட்டும்."

டீச்சருக்குப் பென்சன் இருந்தது. கோழி வளர்க்காவிட்டாலும் அவருக்குச் சோறு உண்டு. ரீட்டாவின் கூட்டில் மறுபடியும் கோழி சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அத்தனை பாடுபட்டார். அவர் வாய்விட்டு அதைச் சொன்னதில்லை. ஆனால் வேலை செய்யும்போது அவர் முகம் எப்போதும் அந்த வேலியைப் பார்த்துத்தான் இருக்கும்.

முதலில் கிளிசிரிடியா இலையைக் காயவைத்துத் தூளாக்கினோம். நான் பிறந்த தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நின்ற மரம் அது. இலை சும்மா கிடைக்கிறது, அதில் சத்தும் இருக்கிறது என்றார் டீச்சர். தீனில் கலந்து வைத்தோம். குஞ்சுகள் சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, பச்சைத் தூளைத் தட்டிலேயே விட்டுவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தன. "பாருங்க அண்ணே, நாங்க கறியில கறிவேப்பிலைய ஒதுக்கிற மாதிரியே ஒதுக்குதுகள்" என்றார். அடுத்த தடவை முருங்கை இலை. அதைத் தின்றன. கால்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. நிறைதான் ஏறவில்லை.

"கல்யாணப் பொண்ணு கணக்கா மஞ்சளா நிக்குதுங்க டீச்சர்" என்றேன்.

"ஓம், கலியாணம் கட்டலாம். கறி வைக்கேலாது."

தேங்காய்ப் புண்ணாக்கைக் கூட்டிக் கலந்து பார்த்தோம். தின்றுவிட்டு வயிறு பெருத்து நின்றன. தூக்கிப் பார்த்தால் நெஞ்சில் எலும்பு கையில் குத்தியது. "புண்ணாக்கு வயித்தை நிரப்பும், சதையை நிரப்பாது" என்று டீச்சர் சொன்னார். ஒவ்வொரு தடவை தோற்றபோதும் அவர் மறுநாள் வரும்போது வேறு ஏதாவது ஒன்றைக் கையில் கொண்டு வருவார்.

அப்படி ஒருநாள் கொண்டு வந்ததுதான் சிறகவரை. சிங்களத்தில் தம்பல என்பார்கள். நாலு பக்கமும் சிறகு வைத்த காய். ரீட்டாவின் வேலியிலேயே படர்ந்திருந்தது. பிஞ்சாகப் பறித்துக் கறி வைப்பதுதான் வழக்கம். முற்றிய காயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காய்ந்து வெடித்து விதை மண்ணில் விழும். அந்த விதையில் சோயாவுக்குக் கிட்டத்தட்டச் சமமான சத்து இருக்கிறது என்று டீச்சர் எங்கோ படித்திருந்தார். "நாடெல்லாம் கப்பலைப் பாத்துக்கொண்டு நிக்குது. இது வேலியில தொங்கிக்கொண்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார். ஹெந்தளையில் யார் வீட்டு வேலியில் முற்றிய சிறகவரை கிடந்தாலும் கேட்டு வாங்கினோம். கோணிப்பையோடு வாசலில் நிற்கும் எங்களைப் பார்த்துச் சிலர் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். டீச்சரிடம் படித்த ஒரு பெண், "மிஸ், உங்களுக்கு என்ன குறை, ஏன் இப்படி?" என்று கண் கலங்கிக் கேட்டாள். "குறை எனக்கு இல்ல பிள்ள, கோழிக்கு" என்றார்.

அந்த விதையில் நாங்கள் செய்த முதல் பிழையையும் சொல்ல வேண்டும். கடலை வறுப்பதுபோல மணலில் போட்டு வறுத்து அரைத்துவிட்டோம். வாசம் நன்றாக வந்தது. குஞ்சுகள் ஆசையாகத் தின்றன. நாங்களும் மகிழ்ந்துபோய் நின்றோம். நாட்கள் போகப் போக எச்சம் இளகிக் கூடு ஈரமானது. குஞ்சுகள் தின்றன, வளரவில்லை. ஒன்றிரண்டு சுருண்டு விழுந்தன. விழுந்த ஒன்றை டீச்சர் பலகையில் வைத்து அறுத்தார். குடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறுப்பு வீங்கியிருந்தது. அதைக் கத்தி முனையால் எனக்குக் காட்டினார்.

"இது கணையம். பச்சை அவரையில ஒரு சாமான் இருக்கு, அது தின்னதைச் செமிக்க விடாது. இது பாவம், இன்னும் இன்னும் வேலை செய்து பாத்திருக்கு. வீங்கிப் போச்சு."

"வறுத்தோமேங்க?"

"வெளியில வறுபட்டிருக்கு. உள்ள பச்சை." கத்தியை வைத்துவிட்டு, "சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்திருக்குதுகள் அண்ணே. நாங்க பாத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு நிண்டிருக்கிறம்" என்றார்.

அன்றுதான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் ரீட்டா நின்றிருந்தார். பிறகு திரும்பித் தன் கூட்டில் விறகை அடுக்கப் போனார்.

அதற்குப் பிறகு விதையை இரவு முழுவதும் ஊறவைத்தோம். தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவைத்தோம். முற்றிய விதையின் தோல் கல் மாதிரி. சில விதைகள் எவ்வளவு ஊறினாலும் வீங்காது. அவற்றைக் கையால் தேடித் தேடி எடுத்து எறிய வேண்டும். பிறகு விறகு அடுப்பில் பெரிய பானையில் அவித்து, பாயில் காயவைத்து, அரைத்தோம். அந்தப் பானை கொதிக்கும் நேரத்தில்தான் நான் எழுத்துப் படித்தேன்.

அது நடந்த விதம் இது. டீச்சர் ஒரு கூட்டைக் கம்பி வலையால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கத்துக் குஞ்சுகளுக்குச் சோயா கலந்த தீன். அப்போது சோயா கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது, ஆனால் ரீட்டாவின் கைக்கு எட்டாத விலை. மறுபக்கத்துக் குஞ்சுகளுக்கு அவரை கலந்த தீன். கடைசியில் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தீன் மாறிவிடக் கூடாது என்று இரண்டு வாளிகளிலும் பெயர் எழுதி வைத்தார். மறுநாள் நான் வாளிகளுக்குள் தலையை விட்டு மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டார்.

"என்ன அண்ணே மணக்கிறீங்க?"

"எது எதுன்னு பாக்குறேங்க."

"எழுதியிருக்கே."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மூடையின் மேல் உட்கார்ந்து, பக்கத்து மூடையைத் தட்டி, என்னையும் உட்காரச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் அம்மா எண்டுதான் தொடங்குவினம். நீங்க அவரையில தொடங்குங்க. எழுத்து ஒண்டுதான்."

"இந்த வயசுலயாங்க?"

"விதை முத்தினதுதான். ஊறப்போட்டுப் பாப்பம்."

அவரை, சோயா, தவிடு, சோளம், புண்ணாக்கு. நான் படித்த முதல் ஐந்து சொற்கள் இவைதான். புண்ணாக்கை எழுத ஒரு மாதம் பிடித்தது. நான் தப்பாக எழுதினால் டீச்சர் அழிக்கமாட்டார். பக்கத்தில் சரியாக எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். நானே இரண்டையும் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் யன்னலால் பார்த்தேன். தெருவோரத்தில் ஒரு பெயர்ப்பலகை. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் இருந்தது என்னுடையது. வா-ச-ல-வீ-தி. என்னை அறியாமல் சத்தமாக வாசித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "மாத்தயா, பஹின்னத?" என்று இறங்கப் போகிறேனா என்று கேட்டார். இல்லை, நான் இறங்கப் போவதில்லை, இப்போதுதான் ஏறியிருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். அடுத்த பெயர்ப்பலகை என்ன என்று கேட்டார். பஸ் வேகமாகப் போய்விட்டது என்றேன். "அப்ப திரும்பிப் போகேக்க வாசிச்சு வாங்க" என்றார்.

விதையை அவிக்கும் பக்குவம் பிடிபட்டபிறகு, நிறுத்து முடிவு காணவென்று கடைசித் தொகுதிக் குஞ்சுகள் வந்தபோது டீச்சர் உற்சாகமாக இருந்தார். குஞ்சுகளின் காலில் அடையாளம் ஏதாவது கட்டுவோமா என்று நான் கேட்டேன். எல்லாம் வெள்ளை, ஒன்றைப்போல மற்றொன்று. "கூடு வேற வேற தானே, நடுவில வலை இருக்கு. அதுகளுக்கு ஏன் கரைச்சல்?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மூன்றாம் வாரம் நிறுத்தபோது அவரைக் கூடு கொஞ்சம் பின்தங்கியிருந்தது. ரீட்டாவின் முகம் வாடியது. "பொறு ரீட்டா, கடைசி ரெண்டு வாரந்தான் சதை போடுற காலம். பிடிச்சாலும் பிடிக்கும், விட்டாலும் விடும்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அவரைக் கூட்டுக் கோழிகள் தின்ற வேகத்தைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மீன்காரரிடம் டீச்சர் தராசு இரவல் கேட்டு வைத்திருந்தார். நிறுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் அந்தச் செய்தி வந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் டீச்சரை வைத்திருந்த நாட்களில் நான் காலையும் மாலையும் ஹெந்தளைக்குப் போய்வந்தேன். சோயா வாளி சோயாக் கூட்டுக்கு, அவரை வாளி அவரைக் கூட்டுக்கு. செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எழும்பியதைப் பார்த்து ஒரு உறவுக்காரப் பெண், "செத்த வீட்டில இருந்து கோழிக்குத் தீன் போடவா போறீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர் இப்ப எழும்பினாலும் மொதல்ல அதத்தாம்மா கேப்பாங்க" என்றேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழ வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சரின் ஏழாம் நாள். அன்று காலை பூசை, பிறகு ஹெந்தளைக் காணியில் சனத்துக்குச் சாப்பாடு என்று பெனடிக் தம்பி சொல்லியிருந்தார். எதைச் சமைக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திங்கள் மாலை இரண்டு கூட்டுக்கும் தீன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க் காலை மழை. பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் மூன்று பெரிய பானைகள் இருந்தன. வாழைமரத்தடியில் வெள்ளை இறகு குவிந்து கிடந்தது. இரண்டு கூட்டுக் கதவுகளும் திறந்திருந்தன.

பாதிக்கு மேல் வெட்டி முடிந்திருந்தது. மிச்சமிருந்தவை காலைச் சேர்த்துக் கட்டி முற்றத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. இந்தக் கூட்டுக் கோழியும் அந்தக் கூட்டுக் கோழியும் ஒன்றின்மேல் ஒன்று. பெனடிக் தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் முகத்தில் நல்ல காரியம் செய்த அமைதி இருந்தது.

"வாங்க ஐயா. கடையில வாங்க வேணாமெண்டு நான்தான் சொன்னன். அக்காட கையால வளத்த கோழி. அதைச் சனம் சாப்பிட்டா அவவுக்குத்தானே புண்ணியம். உங்களுக்கும் இனி அலைச்சல் இல்ல."

"தம்பி, சனிக்கெழம நிறுக்கணுமே" என்றேன்.

"என்னத்த ஐயா?"

"கோழிய."

அவர் என் தோளைத் தொட்டார். நான் துக்கத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்தார். "கடையில வாங்கினாத்தான் ஐயா நிறுக்கிறது. இது எங்கட கோழிதானே, ஏன் நிறுக்க?" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர்மேல் பிழை இல்லை. டீச்சர் கோழி வளர்க்கிறார் என்பதுதான் வீட்டாருக்குத் தெரியும். தன் சோதனைகளை அவர் வீட்டில் பேசியதில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்த மூன்று பேரில் ஒருவர் மண்ணுக்குள் இருந்தார். ஒருவர் வேலிக்கு அப்பால் இருந்தார். நான் வாயைத் திறந்தும் சொற்கள் வரிசையாக வரவில்லை. அவரைத் தீன், சோயாத் தீன், மூன்றாம் வாரம், வீங்கிய கணையம் என்று எதை முதலில் சொல்வது? அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் குவியலிலிருந்து இரண்டு கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கினேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாள் முழுவதும் மூடை தூக்கிய கை, நிறை தெரியும். இடது கையில் இருந்தது கனமாக இருந்தது. நன்றாகவே கனமாக இருந்தது. அது எந்தக் கூட்டுக் கோழி? இரண்டும் வெள்ளை. இரண்டும் என்னைப் பார்த்தன. யாரோ வந்து, "குடுங்க ஐயா" என்று என் கையிலிருந்து இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

நண்பகலில் எல்லாரும் சாப்பிட்டார்கள். சனம் நிறைந்திருந்தது. கறி நன்றாக இருந்தது என்றார்கள். "என்ன பஞ்சு மாதிரி இறைச்சி, டீச்சர்ட கை ராசி" என்றார்கள். பூசை வைத்த பாதர் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். டீச்சரின் ஏழாம் நாள் சோற்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு துண்டையும் வாயில் வைக்கும்போது இதுவா, இதுவா என்று நாக்கு தேடியது. நாக்குக்கு என்ன தெரியும்?

சனம் கலைந்தபிறகு ரீட்டா வந்தார். கையில் சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது.

"ஐயா, கடைசிவரைக்கும் பாத்தது நீங்கதான். ஒரு சொல்லுச் சொல்லுங்க. அவரைக் கோழி பிடிச்சுதா, இல்லையா?"

எனக்கு ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவரைக் கூட்டுக் கோழிகள் கடைசி நாட்களில் தின்ற வேகத்தை நான் கண்டிருக்கிறேன். என் மனம் ஓம் என்றுதான் சொன்னது. டீச்சர் வென்றுவிட்டார் என்று சொன்னால் அவர் பெயருக்கும் அது அழகு. சொன்னால் ரீட்டா அந்த விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போடுவார். காதில் கிடப்பதைக் கழற்றுவார். அதற்குப் பிறகு கோழி வளராவிட்டால்?

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலயெண்டா? கொஞ்சம் கூடவாவது, குறையவாவது?"

"தெரியலம்மா. நெசமாவே தெரியல."

"அனே ஐயா, அப்ப நான் என்ன செய்றது?"

"அதுவும் தெரியல."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. தட்டைத் திண்டில் வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். திறந்து கிடந்த இரண்டு கூடுகளையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். உள்ளே தட்டுகளில் நான் முந்தின நாள் போட்ட தீன் மிச்சம் இருந்தது. காகங்கள் வந்து அதைத் தின்னத் தொடங்கின.

ரீட்டாவின் கூட்டில் இன்றுவரை விறகுதான் இருக்கிறது. இந்த மலரை வாசிப்பவர்களில் யாராவது டீச்சரின் வேலையைத் தொடர்வீர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அப்படியென்றால் விதையை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றுங்கள், நன்றாக அவியுங்கள், வறுக்காதீர்கள், குஞ்சின் காலில் ஒரு நூலாவது கட்டுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியைச் சொல்ல வேண்டியவர் இல்லை.

டீச்சர் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று பெனடிக் தம்பி கேட்டார். எழுத்து என்று சொல்லுவேன் என்று அவர் எதிர்பார்த்தார். எழுத்தும்தான். ஆனால் இதை எழுதி வரும்போது வேறொன்று தெரிந்தது. எழுபது வயதுவரை யார் எந்தத் தாளை நீட்டினாலும், எந்தக் கேள்வி கேட்டாலும், விளங்காவிட்டாலும் "ஆமாங்க" என்று தலையாட்டிப் பெருவிரலை வைத்தவன் நான். தெரியாது என்று சொன்னால் துரத்திவிடுவார்கள் என்று பயம். டீச்சர் முன்னால் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொன்னேன். ஒரு தடவையும் அவர் முகம் சுருங்கவில்லை. மூடையைத் தட்டிப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அன்றைக்கு ரீட்டாவிடம் ஆமாம் என்று சொல்லாமல் நின்றேனே, அந்த நிலைதான் நான் டீச்சரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு ரீட்டாவுக்கு ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்கிக் கொடுக்க முடியாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் ஹெந்தளைக்குப் போகிறேன். ரீட்டாவும் நானும் வேலிக்கு இருபக்கமும் நின்று, இன்னும் தெரியவில்லை என்று பேசிக்கொள்கிறோம்.